ஆசிரியர் அறையில் கொடுத்த தாம்பூலப் பை

பிளெய்ன்ஸ்பரோ
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நான் என்ன செய்தேன் தெரியுமா, நேற்றுத் தீர்ந்துபோன பால் அட்டைப் பெட்டியைக் கழுவி, கத்தரிக்கோலால் ஓரங்களை வெட்டி, தட்டையாக விரித்து ஜன்னலோரம் காய வைத்தேன். காப்பிக்குக்கூட அப்போது அடுப்புப் பற்ற வைக்கவில்லை. உங்கப்பா வந்து பார்த்துவிட்டு, "கடைசியில எல்லாம் ஒரே லாரியிலதான் போகப்போகுது, அதை எதுக்குக் குளிப்பாட்டித் தலை துவட்டி விடறே" என்று கேட்டார். ஜப்பானில் உன் வீட்டில் இருந்த இரண்டு வாரத்தில் நீ திட்டித் திட்டிப் பழக்கினதைக் கை மறக்க மாட்டேன் என்கிறது. முதல் தடவை நான் வெங்காயத் தோலையும் பிளாஸ்டிக் கவரையும் ஒன்றாகக் கட்டி வெளியே வைத்து, அந்தப் பையை மட்டும் குப்பை வண்டிக்காரர்கள் எடுக்காமல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி விட்டுவிட்டுப் போனார்களே, நீ பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அவசரத்தில் ஓடிப்போய் அதை மறைத்து மறைத்து வீட்டுக்குள் கொண்டு வந்தாயே, ஏதோ நான் தெருவில் கொலை செய்துவிட்ட மாதிரி, அதை நினைத்து இப்போதும் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன்.

போன வாரத்திலிருந்து நீ போனை எடுக்கவில்லை. "பிஸி மா, லேட்டர்" என்று மட்டும் வருகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், காகிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது. சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்கு அழுதுகொண்டே போனவள் என்றாலும் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாய் என்று தெரியும், புரியாத இடத்தில் கோபப்படாமல் அடுத்த வரிக்குப் போய்விடு. இங்கிலீஷிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் பல் டாக்டர் ஆபீஸில் நாள் முழுக்க வருகிறவர்கள் போகிறவர்களிடம் "யூ ஆர் ஆல் செட்" என்று சொல்லிச் சொல்லி, என் இங்கிலீஷ் அந்த மேஜைக்கு மட்டும் ஆன இங்கிலீஷாகப் போய்விட்டது. உன்னிடம் அதில் பேசினால் அடுத்த அப்பாயின்ட்மெண்ட் எப்போது என்று கேட்டுவிடுவேன் போலிருக்கிறது.

இங்கே பனி கொட்டி பார்க்கிங் லாட் முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது. உன் தம்பி மகிழன் கார் ஓட்டப் பழகுகிறான், உங்கப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து முழங்கால் வலி என்கிறார். உன் அறையில் தன் டிரம்ஸைக் கொண்டுபோய் வைத்துவிட்டான், நான் கேட்டால் "ஷி ஸெட் ஓகே" என்கிறான், நீ சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. பொங்கலுக்குக் கம்யூனிட்டி ஹாலில் எல்லோரும் கூடினோம். பிரீத்தி ஆன்ட்டி வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "கயல் எப்பங்க வர்றா? இங்கிலீஷ் டீச் பண்றதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா, நம்ம அபார்ட்மெண்ட்லயே விசிட்டர் விசால வந்திருக்கிற மாமியாருங்க இருபது பேருக்குச் சொல்லிக் குடுத்தா புண்ணியமாப் போகுமே" என்றாள். அவள் கிண்டலாகச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. நான் சிரித்துவைத்தேன். உங்கப்பா மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இந்த சம்மர் வந்துருவா, சீட் ரெடியா இருக்குது" என்று அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், அதற்குள் ஊர்க்கதை பேசிவிட்டேன்.

உன் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி நாங்கள் பேசாத நாள் இல்லை. உங்கப்பா தினமும் காலையில் உன் சமையலறை நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, "இந்த வீட்டைக் கட்டினவன் என்னை நேர்ல பாத்ததில்ல போல" என்பாரே. கழிப்பறைக்குள் மட்டும் போட வேண்டிய செருப்பை மாட்டிக்கொண்டு பாய் விரித்த அறைக்குள் வந்து, நீ "அப்பா, ஸ்லிப்பர்!" என்று அலறினதில் ஒன்றைக் காலிலும் ஒன்றைக் கையிலுமாக நின்றாரே. பூமி லேசாக ஆடின அன்று லுங்கியோடு பாஸ்போர்ட் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார், என்னைக்கூடக் கூப்பிடவில்லை, அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ ஒரு கையால் தட்டு அலமாரியைப் பிடித்துக்கொண்டு, "சின்னதுதான் மா, டேபிளுக்கு அடியில போங்க" என்று அவ்வளவு நிதானமாகச் சொன்னாய். இருக்கிற ஒரே அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு நீ சமையலறையில் சுருண்டு படுத்தாய். துவைக்கும் மெஷினின் பொத்தான்கள் மேல் நீயே தமிழில் எழுதி ஒட்டியிருந்தாய். நாங்கள் கடற்கரைக்கு ரயிலில் போன நாளில் இரண்டு டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்து, எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று உங்கப்பா கையில் பேனாவால் எழுதி அனுப்பினாய். ரயிலில் அந்த டப்பாவைத் திறந்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. உனக்குக் கட்டிக் கொடுத்தே பழகினவள், நீ கட்டினதைச் சாப்பிட உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ருசியாக இருந்தது, உப்பு மட்டும் ஒரு துளி குறைச்சல்.

உன் வகுப்பைப் பார்க்க வந்த அன்று நடந்தது ஒன்றை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. முன்வரிசையில் குட்டை முடி வைத்த ஒரு பெண், அவளிடம் நீ காலையில் என்ன சாப்பிட்டாய் என்று இங்கிலீஷில் கேட்டாய். அவள் எழுந்து நின்றாள், ஒன்றும் பேசவில்லை. வகுப்பின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு "ரைஸ்" என்ற வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது, உங்கப்பா பக்கத்தில் தொண்டையைச் செருமினார், அவருக்கும் அதே அவஸ்தை. நீ மட்டும் ஒன்றும் செய்யவில்லை. எடுத்துக் கொடுக்கவில்லை, அடுத்த பிள்ளையிடம் போகவில்லை, சாக்பீஸை வைத்துவிட்டு, உனக்கு வேறு வேலையே இல்லை என்கிற மாதிரி சிரித்த முகமாக நின்றாய். ரொம்ப நேரம் கழித்து அவள் சூப் என்றாள், பிறகு என் அப்பா செய்தார் என்றும் சேர்த்துச் சொன்னாள், பிள்ளைகள் எல்லாம் "ஓ" என்றார்கள். கண்ணு, உனக்கு மூன்று வயதிலிருந்து யார் என்ன கேட்டாலும் பதில் நான்தான் சொன்னேன். கயல் எந்தக் கிளாஸ், செகண்ட் கிரேட் ஆன்ட்டி என்று நான். கயலுக்கு என்ன பிடிக்கும், பாஸ்தான்னா உயிர் என்று நான். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முடித்துவிடுவேன், அப்புறம் வீட்டுக்கு வந்து இவள் ஏன் யாரிடமும் பேசுவதே இல்லை என்று உங்கப்பாவிடம் கவலைப்படுவேன். இப்படிக் காத்துக்கொண்டு நிற்பதற்கு நீ யாரிடம் கற்றாய் என்று அன்று முழுக்க யோசித்தேன். எங்களிடம் இல்லை.

அடுத்த நாள் காலை மாடிக் கம்பியில் துணி காயப் போடும்போது நீ சொன்னதும் நினைவிருக்கிறது. உன் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் ஏப்ரலில் மூன்றாம் வருஷம் போகிறார்கள், அவர்கள் முடித்துப் போகும்வரை இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா என்று கேட்டாய். "ஐ'ம் குட் அட் திஸ், அம்மா. நீங்க யாரும் அரேன்ஞ் பண்ணிக் குடுக்காம நானே கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான்" என்றாய். கையில் ஈரத்துணியோடு நின்றுகொண்டு நான் என்ன பதில் சொன்னேன், "அப்பாகிட்ட மெதுவா பேசலாம்" என்றேன். நீ நம்பினாய். உங்கப்பா மனதில் ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான், தள்ளிப் போட்டு வாங்கி வைத்திருக்கிற மாஸ்டர்ஸ் சீட் ஆகஸ்டில் ஆரம்பம், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஊர் திரும்புவதற்குள் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு மேல் இன்னொரு காரியமும் செய்தேன்.

அந்தத் தாம்பூலப் பைகளை நான் இங்கிருந்தே கொண்டு வந்திருந்தேன், உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பெட்டிக்கு அடியில் மறைத்து வைத்திருந்தேன். உன் பட்டமளிப்பு விருந்துக்கு வாங்கினதில் மீதியிருந்த மஞ்சள் துணிப் பைகள். தேங்காய் கொண்டு போகவிடமாட்டார்கள் என்பதால் பைக்கு இரண்டு கடலை உருண்டை, கொஞ்சம் ஏலக்காய், சென்னிமலைத் தறியில் நெய்த சின்னக் கைக்குட்டை ஒன்று, அவ்வளவுதான். பள்ளியில் எத்தனை டீச்சர் என்று சும்மா கேட்பதுபோல உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ வகுப்பில் இருந்த நேரமாகப் பார்த்து, ஆசிரியர் அறையில் ஒவ்வொரு மேஜையாகப் போய் இரண்டு கையாலும் கொடுத்தோம். உங்கப்பா நடுவில் நின்று சின்னதாக ஒரு பேச்சே பேசினார், உன்னோடு இங்கிலீஷ் எடுக்கும் மியாகே டீச்சர் அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். இத்தனை நாளா எங்க பொண்ணை உங்க வீட்டுப் பொண்ணாப் பாத்துக்கிட்டீங்க, இந்த உதவியை என்னைக்கும் மறக்க மாட்டோம் என்று. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இடுப்பு வரை குனிந்தார்கள். கணக்கு டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமையாசிரியர் அந்தப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும் வழியில் உங்கப்பா என்னிடம், "ஒரு கடலை உருண்டைக்குக் கண்ணீர் விடறாங்க பாரு, என்ன பண்பாடு இவங்களுக்கு" என்று வியந்துபோய்ச் சொன்னார். நானும் ஆமாம் ஆமாம் என்று பெருமையாக நடந்து வந்தேன்.

அங்கே வேலையை விட்டுப் போகிறவர்கள்தான் அப்படி மேஜை மேஜையாகப் போய் ஆளுக்கொரு சின்னப் பொட்டலம் கொடுத்து நன்றி சொல்வார்கள் என்றும், கைக்குட்டை கொடுத்தால் பிரிகிறோம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றும் எங்களுக்கு யார் சொன்னார்கள். நாங்கள் ஊர் திரும்பின பிறகு டிசம்பர் முழுக்க உனக்கு அவர்கள் காட்டின அன்பைப் பற்றி நீ வீடியோவில் சொல்லும்போதெல்லாம் சந்தோஷப்பட்டேன். கணக்கு டீச்சர் போட்டோ சட்டம் கொடுத்தார், இன்னொருவர் தூரிகையால் உன் பெயரை எழுதிக் கொடுத்தார், இசை அறைக்குப் பக்கத்தில் நீ போனால் பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றாய். அது உன்னை வழியனுப்பும் பாட்டு என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இந்த மாதம் பக்கத்துப் பள்ளியில் இருக்கும் நியூசிலாந்துப் பையனிடம் அடுத்த வருஷம் இருக்கிறாயா என்று கேட்டார்கள், உன்னிடம் யாரும் கேட்கவில்லை. நீ போய் மியாகே டீச்சரிடம் விசாரித்தபோதுதான், உன் பெற்றோரே அவ்வளவு தூரத்திலிருந்து வந்து விடைபெற்றுப் போய்விட்டார்களே, உன்னிடம் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நாங்கள் பேசாமல் இருந்தோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்று நீ போன் செய்தபோது உங்கப்பா முதலில் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. "நல்லதாப் போச்சு விடு சாமி, நாம சொல்ல வேண்டியதை அந்தப் பையே சொல்லிருச்சு" என்றார். நீ திரையில் எங்களையே பார்த்தாய். "யூ கைஸ் ஸெட் குட்பை ஃபார் மீ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு நீ அனுப்பின செய்தியை எத்தனை தடவை படித்தேனோ. நீ தலைமையாசிரியரிடம் போய் நடந்ததை விளக்கினாய் என்றும், அவர் ரொம்ப நேரம் சிரித்தார் என்றும், நீ இருந்தால் தனக்கு மகிழ்ச்சிதான் என்றும், ஆனால் பெற்றோர் நேரில் வந்து விடைபெற்ற பிறகு அவர்கள் மனதுக்கு மாறாக அவர்கள் பெண்ணைத் தான் பிடித்து வைத்துக்கொண்டதாக ஆகக் கூடாது, அவர்கள் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றும், இந்த மாதக் கடைசிக்குள் வேறு ஆளைத் தேடுவதா வேண்டாமா என்று உன்னை வேலைக்கு வைத்த டவுன் ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில் ப்ளீஸ் என்று ஒரு வார்த்தை. அதை நான் உங்கப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "பேசலாம், பேசலாம், இப்ப என்ன ஆகிப்போச்சு" என்றார். இரண்டு நாள் கழித்து, "ஏனுங்க, அந்தத் தலைமையாசிரியர் காத்துட்டிருப்பாரு" என்று மறுபடி எடுத்தேன். "பாத்துக்கலாம் விடு" என்று எழுந்து போய்விட்டார். பேசாமலே இருந்தால் மாதம் தானாக முடிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. கெட்ட எண்ணம் இல்லை கண்ணு, நீ அதை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் வீட்டு மண்ணெண்ணெய் ஹீட்டருக்கு எண்ணெய் வாங்கப் போனபோது அந்தக் கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இத்தனை கனத்தை இவள் தனியாக மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறுகிறாள் என்று அவர் படியிலேயே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டார். உனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று இங்கே வந்தும் கேட்கிறார். போனில் உன் ஊர் நேரத்தை வைத்துக்கொண்டு, இப்ப எந்திரிச்சிருப்பா, இப்ப சைக்கிள்ல போயிட்டிருப்பா என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். நீ வந்துவிட்டால் இதெல்லாம் வேண்டாம் பார், அவ்வளவுதான் அவருக்கு.

எனக்கும்தான். அதை மறைக்கப் போவதில்லை. நீ வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தினமும் காலையில் நினைக்கிறேன், அந்த டிரம்ஸை எங்கே தூக்கிப் போடுவது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். அதனால்தான் அந்தப் பை விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது. நம் பக்கத்தில் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும், வருகிறவர்கள் உள்ளே நுழையும்போதே கையில் யாராவது தாம்பூலப் பை கொடுக்கிறார்களா. சாப்பிட்டு முடித்து, சொல்லிக்கொண்டு, வாசலில் செருப்புத் தேடும்போதுதான் கொடுப்பது. விசேஷம் முடிந்தது, வந்ததற்கு நன்றி, பத்திரமாகப் போய் வாருங்கள் என்று அர்த்தம். உன் டீச்சர்களுக்கு ஒரு பெரிய இனிப்பு டப்பா வாங்கி நடு மேஜையில் வைத்திருக்கலாம், உங்கப்பா அதைத்தான் சொன்னார். இல்லை, ஆளுக்கு ஒரு பை என்று பிடிவாதம் பிடித்தது நான். இங்கே எங்கள் சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டும்போது என் மனதில் என்ன இருந்தது என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். துணி காயப் போடும்போது நீ கேட்டதற்குப் பிறகாவது அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் அல்லவா. விடவில்லை. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் அக்கறையாக, கசங்கின பைகளை உன் இஸ்திரிப் பெட்டியிலேயே தேய்த்து வைத்தேன். எங்கள் வழக்கம் தெரியாமல் அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று உங்கப்பா எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பிரீத்தி ஆன்ட்டிகூட விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அப்படிப் படவில்லை. அவர்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள் கண்ணு. எனக்கே தெரியாமல் நான் சொன்னதை அவர்கள் கேட்டுவிட்டார்கள்.

இதை எழுதுவதால் நீ என்னைச் சமாதானப்படுத்த வேண்டியதில்லை. பரவாயில்லை மா என்று செய்தி அனுப்பாதே. உனக்குக் கோபம் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், அதையும் நான் அவசரப்படுத்தப் போவதில்லை. சாப்பாட்டை மட்டும் கோபத்தில் விடாதே. ரசப்பொடி நீல டப்பாவில் இருக்கிறது, பக்கத்தில் அதே மாதிரி இருப்பது சாம்பார்ப்பொடி, முகர்ந்து பார்த்துப் போடு. வாரத்துக்கு ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை, அந்தக் குளிரில் முடி வைக்கோலாகப் போய்க் கிடந்தது. மகிழனுக்கு அடிக்கடி நீயே பேசு, அவன் கேட்காதது மாதிரி இருப்பான், ஆனால் உன் போன் வந்தால் மட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசுகிறான். எதிர்வீட்டு அம்மாவுக்கு நான் கேட்டதாகச் சொல். எல்லாவற்றுக்கும் மேலாக, தூங்கப் போகுமுன் அந்த ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும், ஜன்னலை ஒரு விரலளவாவது திறந்து வைக்க வேண்டும், இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் நீ கண்ணை உருட்டுவாய் என்று தெரியும், உருட்டிக்கொண்டே செய். எந்த ஊரில் இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நாலு பேருக்கு நல்லது சொல்லிக் கொடுத்துக்கொண்டு, மனசு நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும் சாமி. அம்மாவின் முத்தங்கள்.

உங்கப்பாவும் மகிழனும் டிரைவிங் பழக மால் பார்க்கிங்குக்குப் போயிருக்கிறார்கள், மதியம் வந்துவிடுவார்கள். நான் இன்னும் யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதிவிட்டு இதை மடித்துவிடுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அது முடிந்திருக்கும். இன்று சாயங்காலம், உங்கள் ஊரில் திங்கட்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்கு முன்னால், உன் பள்ளிக்கு நான் போன் செய்யப் போகிறேன். மியாகே டீச்சரைக் கூப்பிட்டு, தலைமையாசிரியரிடம் கொடுக்கச் சொல்லி, கயல் இன்னொரு வருஷம் உங்களிடம் வேலை பார்க்க ஆசைப்படுகிறாள், அது அவள் எடுத்த முடிவு, அவளுடைய அம்மாவாகிய எனக்குச் சம்மதம் என்று என் இங்கிலீஷிலேயே சொல்லப் போகிறேன். தினமும் முன்பின் தெரியாத நூறு பேரிடம் போனில் பேசுகிறவள்தான், இதற்கு மட்டும் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். போனில் பேசி முடித்த பிறகுதான் உங்கப்பாவிடம் சொல்வேன். கோபித்துக்கொள்வார், இரண்டு நாள் என்னிடம் பேசாமல் தன் தட்டைத் தானே கழுவி வைப்பார், கழுவட்டும். அவரும் சம்மதித்துவிட்டார் என்று மட்டும் போனில் சொல்லமாட்டேன். நாங்கள் என்று சொல்லாமல் நான் என்றுதான் சொல்வேன், அவர் சொல்ல வேண்டியதை அவரே ஒருநாள் உன்னிடம் சொல்லட்டும். அடுத்தவர்களுக்கும் சேர்த்து நான் பேசினது போதும்.

உன் ஆசிரியர் அறையை இனிமேல் வெறுங்கையோடு மட்டுமே பார்க்க வரும்,
அம்மா